கோண்டுவானா வரைபடங்களில் இலங்கை ஏன் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது?

கேள்வி: வினவி

பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு, இன்றைய தென் கண்டங்களும் இந்தியாவும் முன்னொரு காலத்தில் ஒன்றாயிருந்த கோண்டுவானாப் பெருங்கண்டத்தைப் பற்றிப் பாடம் நடத்துவதற்காக மூன்று வரைபடங்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் மூன்றிலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் பொருந்துகின்றன. ஆனால் இந்தியா, மடகாஸ்கர், இலங்கை, அண்டார்க்டிகா ஆகியவை கூடும் மூலையில் மூன்று படங்களும் மூன்று விதமாக இருக்கின்றன. ஒன்றில் இலங்கை தமிழகக் கரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொன்றில் சற்றுத் தெற்கே தள்ளித் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. கரைகளை வெட்டி ஒட்டிப் பார்ப்பதுதான் முறை என்றால், கரை மாறாதபோது படம் மட்டும் எப்படி மாறும்? இதுதான் குமரிக்கண்டமா என்று ஒரு மாணவன் கேட்டான். அதற்கும் சரியான விடை சொல்ல விரும்புகிறேன்.

பதில்: ஆழிமுகடு

ஐயா, கரையை வைத்து ஒட்டுகிறார்கள் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். கரை என்பது இன்றைய கடல்மட்டம் போட்ட கோடு மட்டுமே. கடல் நூறு மீட்டர் இறங்கினால் அந்தக் கோடு வேறிடத்துக்குப் போய்விடும். கண்டத்தின் உண்மையான விளிம்பு, நீருக்கடியில் கண்டத்திட்டு (கண்டத்தின் ஆழம் குறைந்த, கடல் மூடிய ஓரம்) முடிந்து சரிவு தொடங்கும் பகுதியில் இருக்கிறது. 1965 இல் எட்வர்ட் புல்லார்டும் அவருடன் பணியாற்றிய எவரெட், ஸ்மித் ஆகியோரும் அட்லாண்டிக்கின் இரு பக்கங்களையும் கணினியால் பொருத்தியபோது, ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்தில் ஓடும் சமஆழக் கோட்டைத்தான் எடுத்துக்கொண்டார்கள். தாங்கள் பார்த்த மூன்று படங்களிலும் அந்தப் பகுதி ஒத்துப்போவதில் வியப்பில்லை.

அந்த விளிம்பும் முழுக்க நம்பத்தக்கதன்று. கண்டம் பிளப்பதற்கு முன் அதன் ஓரம் இழுபட்டு மெலிகிறது. பிசைந்த மாவை இரு கைகளாலும் இழுத்துப் பிய்த்தால் இரு துண்டுகளின் நுனியும் மெலிந்து நீண்டிருக்கும். அவற்றை அப்படியே ஒட்டினால் பழைய உருண்டையைவிடப் பெரிதாகத்தான் வரும். எத்தனை கிலோமீட்டர் இழுபட்டது என்று ஒருவர் கணிப்பதைப் பொறுத்து அவருடைய படமும் மாறும். மன்னார் வளைகுடா அப்படி இழுபட்டு, ஆனால் முழுக்கப் பிளந்து பெருங்கடலாகாமல் நின்றுபோன இடம். காவிரிப் படுகையும் அதே பிளவுக் காலத்தில் உருவானதே. ஆகவே இலங்கையைத் தமிழகத்தோடு எவ்வளவு நெருக்கி வைப்பது, எவ்வளவு திருப்புவது என்பதில் கருத்து வேறுபடுகிறது.

முதன்மையான சான்று கடலடியில்தான் இருக்கிறது. புதிய கடலடி பிறக்கும் மலைத்தொடரான கடல்நடு முகட்டில் வெளிப்படும் எரிமலைக் குழம்பு குளிரும்போது அன்றைய புவிக்காந்தத்தின் திசையைப் பதிவு செய்துகொள்கிறது. புவிக்காந்தம் அவ்வப்போது திசை மாறுவதால், முகட்டின் இருபுறமும் ஒன்றுக்கொன்று ஒத்த காந்தப் பட்டைகள் உருவாகின்றன என்று 1963 இல் வைனும் மேத்யூசும் விளக்கினார்கள். இளைய பட்டையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால் கடல் மூடிக்கொண்டு கண்டங்கள் நெருங்கி வரும். இந்த மூலையிலோ இரண்டு தடைகள் உள்ளன. ஏறத்தாழ 12.1 கோடி ஆண்டுகளுக்கு முன்பு முதல் 8.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை புவிக்காந்தம் திசையே மாறவில்லை. மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்பதால், அந்தக் கடலின் பிறப்பு பட்டை இல்லாத காலத்தில் விழுந்துவிட்டது. அண்டார்க்டிகாவிலிருந்து இந்தியா பிரிந்ததோ அதற்கும் முன்பு, சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது பட்டைகள் உருவாகியிருக்க வேண்டும். ஆனால் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டு வந்து கொட்டிய வண்டல் வங்கக் கடலில் சில இடங்களில் 15 கிலோமீட்டருக்கும் மேல் கனமாகப் படிந்திருப்பதால், அவற்றைத் தெளிவாக வாசிக்க முடிவதில்லை.

பதில்: பாறைப்பித்தன்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் கடலடி பேசாத இடத்தில் பாறை பேசும் என்பதையும் சேர்க்க வேண்டும். இலங்கையின் நடுவே மலைநாட்டை உள்ளடக்கிச் செல்லும் உருமாறிய பாறைத்தொகுதியும், அண்டார்க்டிகாவின் லூட்சோ-ஹோம் விரிகுடாப் பகுதிப் பாறைகளும் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா ஒன்றுசேர்ந்த காலத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்தவை. கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு இணை அண்டார்க்டிகாவின் ரேய்னர் பகுதி. அவ்விரண்டும் ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக உருமாறியவை. பரங்கிமலையின் சார்னோக்கைட் என்ற பாறையைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு, அதே இனப் பாறை பனிக்கண்டத்திலும் கிடைக்கிறது என்பது சிறு மகிழ்ச்சியைத் தரும்.

ஒரு குறையும் உண்டு. இரு பாறைகள் வயதிலும் தன்மையிலும் ஒத்திருப்பது அவை அண்டை வீட்டார் என்பதைக் காட்டுமே தவிர, எந்தச் சுவர் எந்தச் சுவரைத் தொட்டது என்பதைக் காட்டாது. அதற்கு, ஒரு கண்டத்தின் விளிம்பில் அறுபட்டு மறு கண்டத்தில் தொடரும் கோடு ஒன்று வேண்டும். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரி நோக்கிச் செல்லும், பாறைகள் உரசி நழுவிய பட்டைக்கு மடகாஸ்கரில் எது தொடர்ச்சி என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை.

சிறு துண்டுகள் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு, இன்று தென் அமெரிக்காவுக்கு அருகே இருக்கும் ஃபாக்லாந்துத் தீவுகளைப் பாருங்கள். 1952 இல் ரேமண்ட் ஏடி என்ற நிலவியலாளர் அத்தீவுகளின் பாறை அடுக்குகளைத் தென்னாப்பிரிக்காவின் அடுக்குகளோடு ஒப்பிட்டு, அவற்றைக் கிட்டத்தட்ட 180 பாகை திருப்பி அந்நாட்டின் கிழக்குக் கரைக்கு அப்பால் வைத்தால்தான் எல்லாம் பொருந்தும் என்றார். பிறகு 1986 இல் அங்குள்ள பழைய எரிமலைப் பாறைச் சுவர்களின் காந்தத் திசையை அளந்தபோது அதற்கு ஆதரவு கிடைத்தது. கரையை மட்டும் பார்த்து ஒட்டுபவர் அப்படித் திருப்பியிருக்கவே மாட்டார்.

பதில்: ஏடு

மாணவனின் கேள்விக்கு: இல்லை. குமரிக்கண்டத்தோடு பின்னாளில் சேர்த்துப் பேசப்பட்ட லெமூரியா என்ற பெயரை 1864 இல் பிலிப் ஸ்கிலேட்டர் என்ற விலங்கியலாளர் வைத்தார். மடகாஸ்கரின் லெமூர்களையும் இந்தியாவின் அவற்றை ஒத்த விலங்குகளையும் விளக்க அவருக்கு நடுவில் ஒரு நிலம் தேவைப்பட்டது. 1885 இல் கோண்டுவானாநிலம் என்ற பெயரை வழங்கிய நிலவியலாளர் எட்வார்ட் சூஸும் இடைநிலம் கடலுள் அமிழ்ந்துவிட்டது என்றே கருதினார். எனவே அக்காலத்தில் லெமூரியாவையும் கோண்டுவானாவையும் ஒன்றாகக் கண்டவர்களைக் குறை சொல்ல முடியாது. நாக்கு வடிவ இலைகொண்ட குளோசோப்டெரிஸ் என்ற செடியின் படிவம் இந்தியாவிலும் தென் கண்டங்களிலும் கிடைத்ததும் அதற்கு வலுச் சேர்த்தது. 1912 இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்த ஸ்காட் குழுவினர் கடைசிவரை இழுத்து வந்த சுமார் 16 கிலோ கற்களிலும் அந்த இலை இருந்தது. ஆனால் கோண்டுவானா அமிழவில்லை, விலகியது. அது உடையத் தொடங்கியது சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. மனிதர் எவரும் அதைப் பார்த்திருக்க முடியாது. பஃறுளியாற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டதாகப் பழந்தமிழ் நூல் மரபு சொல்வது, வேறு காலத்துக்கும் வேறு அளவுக்கும் உரிய தனிக் கேள்வி.

கேள்வியாளர்: வினவி

மூவருக்கும் நன்றி. அப்படியானால் வகுப்பில் எந்தப் படத்தை மாட்டுவது?

பதில்: பாறைப்பித்தன்

எந்தப் படமானாலும் அதில் காலம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1988 இல் மார்ட்டென் டி விட் முதலானோர் தொகுத்த கோண்டுவானா நிலவியல் வரைபடம் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நிலையைக் காட்டுவதாகத் தலைப்பிலேயே சொல்கிறது. காலம் சொல்லாத படம் 18 கோடி ஆண்டு நிலையையும் 13 கோடி ஆண்டு நிலையையும் கலந்து வைத்திருக்கக்கூடும். தங்களுடைய மூன்று படங்களும் வேறுபடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். என்னைக் கேட்டால் மூன்றையுமே மாட்டி, கண்டத்திட்டோடு சேர்த்து வெட்டிய அட்டைகளை மாணவர்களிடம் கொடுங்கள். இலங்கை அட்டையை மட்டும் ஒட்டாமல் குண்டூசியால் குத்தி வைக்கச் சொல்லுங்கள்.