செயற்கைக்கோள் படத்தில் புகையோ புழுதியோ வருவதைப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஸ்கார்பரோ_வாசி:
2023 ஜூன், கியூபெக் காடுகள் எரிந்த மாதம். 7ஆம் திகதி நியூயோர்க் செம்மஞ்சளானது எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கோ. என்னை உறுத்துவது வேறொரு மத்தியானம். கோஸ்-16 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளின் படத்தில் ரொறன்ரோவுக்கு மேலே பழுப்புப் படலம் கட்டியாக நிற்கிறது. வாசலில் வந்து நின்றால் வானம் கொஞ்சம் வெளிறல், சூரியன் மங்கல், அவ்வளவுதான். புகை மணமே இல்லை. பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கிற மணம்தான் வருகிறது. பிறகொரு நாள் படத்தில் படலம் மெலிந்து கிடந்தது, அன்றைக்குத்தான் தொண்டை எரிந்தது. செயற்கைக்கோள் பொய் சொல்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

சால்மியா_நைட்ஷிஃப்ட்:
எனக்கு நேர் எதிர். 2022 மே, ஈராக்கிலிருந்து குவைத்துக்குப் புழுதி மேல் புழுதியாக வந்ததே, அப்போது. வேலையில் மெட்டியோசாட் என்ற ஐரோப்பிய வானிலைச் செயற்கைக்கோளின் டஸ்ட் படத்தைத் திறந்து வைத்திருந்தேன் (புழுதியை ரோஸ் கலரில் காட்டுகிற படம்). நள்ளிரவு தாண்டி பஸ்ரா பக்கம் ரோஸ் நிறத்தில் ஒரு நாக்கு நீள்கிறது. கால் மணிக்கு ஒரு படம், ஒவ்வொன்றிலும் இன்னும் கொஞ்சம் தெற்கே. மொட்டை மாடியில் துணி காய்கிறதே என்று ரூமுக்குப் போன் போட்டேன். "தூங்க விடுடா, நட்சத்திரம் தெரியுது" என்றார் ஒரு அண்ணன். விடியும்போது எதிர்க் கட்டடம் கண்ணில் படவில்லை. ரூமுக்கு வந்தால், துணியை உதறிக்கொண்டே அந்த அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், புழுதியை நான்தான் வரவழைத்த மாதிரி!

ஆக்லாந்து_மேகம்:
பொய் என்பதை ஏற்க முடியாது. படம் உச்சியிலிருந்து தரை வரை உள்ள அத்தனை புகையையும் சேர்த்துக் காட்டுகிறது. புகை சில கிலோமீட்டர் உயரத்தில் போனால் மூக்குக்கு எப்படி வரும்?

என் கதை சின்னது. 2020 ஜனவரி 5, ஆஸ்திரேலியக் காட்டுத்தீப் புகையால் இங்கே மதியத்துக்கு மேல் வானம் ஆரஞ்சு. பயந்த ஜனங்கள் அவசர எண் 111க்கு அடிக்க, தயவுசெய்து அடிக்காதீர்கள் என்று போலீஸே கேட்டுக்கொண்டது.

சரி, புகையைப் பார்க்க வேண்டுமானால் இயல்நிறப் படத்தை (கண்ணுக்குத் தெரிகிற நிறத்திலேயே காட்டுவது) காலையிலோ மாலையிலோ பாருங்கள். சூரியன் சாய்ந்திருக்கும்போது புகைத்துகள் ஒளியை முன்பக்கமாகச் சிதறடிப்பதால் மெல்லிய புகைகூடத் தெரியும். உச்சி வெயிலில் அதுவே காணாமல் போகும். மத்தியானத்திலேயே கட்டியாகத் தெரிந்ததென்றால் ஸ்கார்பரோவின் புகை நிஜமாகவே அதிகம். அப்புறம், சால்மியா தம்பியின் வித்தையை இரவில் புகைக்குப் பயன்படுத்தாதீர்கள். அந்த ரோஸ் நிறம் 8.7, 10.8, 12 மைக்ரான் அலைநீளங்களில் எடுத்த அகச்சிவப்பு அளவுகளின் வித்தியாசத்தில் பிறப்பது. புழுதி கனிமத் துகள், பெரியது, அதில் மாட்டும். புகைத்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. அகச்சிவப்பு அதை ஊடுருவிப் போய்விடும். இரவில் 3.9 மைக்ரானில் நெருப்பின் சூடு தெரியும், புகை தெரியாது. வெளியே போகலாமா என்பதற்குத் தரையிலுள்ள பிஎம் 2.5 கருவியை (காற்றிலுள்ள நுண்துகளை அளப்பது) பாருங்கள்.

ஸ்கார்பரோ_வாசி:
நான் பாடம் கேட்கவில்லையே! மேலே நின்ற புகை எப்போது இறங்கும் என்பதை அந்தப் படத்தில் எங்கே பார்க்கிறது? அதைச் சொல்லுங்கோ.

ஆக்லாந்து_மேகம்:
அந்தப் படத்தில் பார்க்க முடியாது. புகையின் உயரத்தை லேசர் விட்டு அளந்தது கலிப்ஸோ என்ற செயற்கைக்கோள். அது 2023இல் ஓய்ந்துவிட்டது. 2024இல் ஏவிய எர்த்கேர் செயற்கைக்கோள் இப்போது அளக்கிறது. ஆனால் அதுவும் தான் போகிற ஒரே கோட்டுக்குக் கீழே உள்ளதைத்தான் அளக்கும். அந்தக் கோடு அன்றைக்கு உங்கள் ஊர் மேல் விழ வேண்டும்.