இளம் டிஃபென்ஸ்மேன்களை டெட்ராய்ட் இன்னும் எவ்வளவு நாள் ஊறப்போடும்?

செஞ்சிறகு:
டிஃபென்ஸ்மேன் சைமன் எட்வின்சனை, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லின் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி, 2021 டிராஃப்டில் (அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 6-ஆவது இடத்தில் எடுத்தது. அவர் நிரந்தரமாக மேலே வந்தது 2024 அக்டோபரில். நடுவில் இரண்டு சீசன் பெரும்பாலும் கிராண்ட் ராபிட்ஸில், அதாவது என்எச்எல்லுக்கு அடுத்த படியான ஏஎச்எல்லில். 2022-23இல் என்எச்எல்லில் 9 ஆட்டம், அடுத்த சீசனில் 16. அவ்வளவுதான். பையன் நல்லா ஆடினாலும் கனிந்து தானாக விழும்வரை மரத்திலேயே விட்டுவைப்பது முன்னாள் மேனேஜர் கென் ஹாலண்ட் காலத்துப் பழக்கம். அப்போது அணியில் இடமே கிடையாது, சரி. ஆனால் 2016க்குப் பிறகு 2025 வரை ஒருமுறைகூட பிளேஆஃப் (சீசனுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்று) பார்க்காத அணிக்கு எதற்கு இந்தப் பொறுமை? மரத்திலேயே விட்ட பழம் அழுகவும் செய்யும்.

மூன்றாம்ஜோடி:
தடியால் அடித்துப் பழுக்க வைத்த பழத்தையும் பார்த்திருக்கிறோம் நண்பரே. காத்திருந்து கனிந்த மோரிட்ஸ் சைடரை மறந்துவிட்டீர்களா? 2019இல் 6-ஆவது இடம். 18 வயதில் ஏஎச்எல்லில் 49 ஆட்டம், அடுத்த வருடம் ஸ்வீடனில் ரோக்லே அணி, அந்த லீகின் சிறந்த டிஃபென்ஸ்மேன் விருது. அப்புறம்தான் டெட்ராய்ட். வந்த முதல் சீசனில் 82 ஆட்டமும் ஆடி 50 புள்ளி (போட்ட கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்த்து), புதுமுகத்துக்கான கால்டர் விருது. இரண்டு வருடம் காத்திருந்ததால் என்ன குறைந்துபோனது?

செஞ்சிறகு:
எதுவும் குறையவில்லை. கூடியது காத்திருந்ததால்தானா என்பதுதான் கேள்வி. ராஸ்மஸ் டாலின் டிராஃப்டான அதே வருடம் பஃபலோவில் இறங்கி 44 புள்ளி எடுத்தார். ஏரன் எக்பிளாட் 18 வயதில் இறங்கி அதே கால்டரை வாங்கினார். நல்ல ஆட்டக்காரன் எங்கே விட்டாலும் நல்லாத்தான் வருவான். அதற்கு ‘வளர்ச்சித் திட்டம்’ என்று பெயர் வைத்து மார்தட்டிக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லணும். எட்வின்சனுக்கு 2022-23இல் ஏன் சரியாக 9 ஆட்டம்? 19 வயதுப் பையன் 10-ஆவது ஆட்டம் ஆடினால் அவருடைய தொடக்க ஒப்பந்தத்தில் ஒரு வருடம் கழிந்துவிடும். 9இல் நிறுத்தினால் ஒப்பந்தம் அப்படியே ஒரு வருடம் தள்ளிப்போகும். இது வளர்ச்சியா, கணக்குப்பிள்ளை வேலையா?

மூன்றாம்ஜோடி:
இரண்டும்தான். சம்பள உச்சவரம்பு உள்ள லீகில் கணக்குப் பார்க்காத மேனேஜர் யார்? அந்த சீசன் முடிந்ததும் பையனுக்குத் தோள்பட்டை அறுவைச் சிகிச்சை நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த சீசன் தாமதமாகத் தொடங்கியது அதனால். எல்லாவற்றுக்கும் மேனேஜர் ஸ்டீவ் ஐஸர்மன் தலையை உருட்டக் கூடாது.

லூக் ஷென்னையும் பாருங்கள். 2008இல் 5-ஆவது இடம், 18 வயதிலேயே டொரன்டோ அணியின் டிஃபென்ஸில் நிறுத்தினார்கள். நான்கு வருடத்தில் விற்றும்விட்டார்கள்.

செஞ்சிறகு:
அதே ஷென் 2020, 2021 இரண்டு வருடமும் டாம்பா அணியோடு என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். ஆயிரம் ஆட்டத்தையும் தாண்டினார். இப்படி எல்லாரும் கெட்டுப்போனால் தேவலையே!

பழைய_ஸ்கேட்:
இரண்டு பேரும் பெயர்ப்பட்டியலைத் தூக்கி அடித்துக்கொள்கிறீர்கள். நான் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு டிஃபென்ஸ் சொல்லிக்கொடுப்பவன். பனியில் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

எதிரணி பக்கை (அடித்து ஆடும் வட்டு) நம் பக்கத்து மூலைக்குள் தள்ளிவிடுகிறது. டிஃபென்ஸ்மேன் முதுகைக் காட்டிக்கொண்டு அதன் பின்னால் ஓடணும். பக்கைத் தொடுவதற்கு முன் இரண்டு தரமாவது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கணும். முதல் பார்வையில் துரத்தி வருபவன் எந்தப் பக்கம் என்று தெரியும். இரண்டாவதில் நம் ஜோடி ஆள் எங்கே நிற்கிறான் என்று தெரியும். அதை வைத்துத்தான் வலைக்குப் பின்னால் சுற்றுவதா, வந்த வழியே திருப்பி விடுவதா, நடு ஆளுக்குக் கொடுப்பதா என்ற முடிவு. எல்லாம் ஒரு நொடிக்குள்.

ஏஎச்எல்லில் துரத்தி வருபவன் ஒரு கண்ணிமை தாமதமாக வருவான். திறமையுள்ள பையன் அங்கே ஒரே ஒரு தரம் பார்த்தே தப்பித்துவிடுவான். இரண்டு வருடம் அப்படியே தப்பித்தால் அது பழக்கமாகிவிடும். இதில் நான் செஞ்சிறகு பக்கம். ஆனால் 18 வயதில் மேலே கொண்டுபோனால் வேறு மாதிரி கெடும். நாலு ஆட்டம் மூலையில் அடி வாங்கியதும் பார்ப்பதையே விட்டுவிடுவான். பக் கிடைத்ததும் தளத்தைச் சுற்றியுள்ள கண்ணாடியோரமாக அடித்துத் தள்ளிவிட்டு மூச்சு விடுவான். பயத்தில் வரும் அந்தப் பழக்கத்தை மாற்றுவது இன்னும் கஷ்டம்.

ஸ்வீடனிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு சிக்கல். அங்கே தளம் பெரும்பாலும் 30 மீட்டர் அகலம், இங்கே 26. இந்த நாலு மீட்டரில் கோணமே மாறிவிடும். அங்கே எதிராளியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நிதானமாகக் காத்திருக்கலாம். இங்கே அதற்குள் ஷாட் போய்விடும்.

மூன்றாம்ஜோடி:
அண்ணே, அதனால்தான் ஏஎச்எல் வேணும் என்கிறேன். சின்னத் தளம், வளர்ந்த ஆட்கள், ஒரு சீசனுக்கு 72 ஆட்டம். கல்லூரியில் அதில் பாதி தேறினாலே அதிகம்.

செஞ்சிறகு:
அந்தப் பாதியில்தான் கேல் மகார் வந்தார். 2017 டிராஃப்டுக்குப் பிறகு இரண்டு வருடம் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம், ஏஎச்எல்லில் ஒரு ஆட்டம்கூட இல்லை. நேராக பிளேஆஃபில் இறங்கி முதல் ஆட்டத்திலேயே கோல். 62-ஆவது இடத்தில் போன லேன் ஹட்சனும் கல்லூரியில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, 2024-25இல் மான்ட்ரியலுக்கு 66 புள்ளி எடுத்தார். ஆட்டம் குறைந்தால் பயிற்சிக்கும் உடம்பைத் தேற்றவும் நாள் கிடைக்கும்.

பழைய_ஸ்கேட்:
மகாரும் இரண்டு வருடம் காத்திருந்தவர்தானே? யார் கட்சிக்குச் சாட்சி சொல்கிறீர்கள் தம்பி?

எக்பிளாட் கதையிலும் ஒரு பாதியை விட்டுவிட்டீர்கள். அந்த முதல் சீசனில் பக்கத்தில் ஜோடியாக நின்றவர் பிரையன் கேம்ப்பெல், வயது 35. தங்கியிருந்தது கேப்டன் வில்லி மிட்செல் வீட்டில், அவரும் டிஃபென்ஸ்மேன். பனியிலும் வீட்டிலும் பெரியவர் ஒருவர் கூடவே இருந்தார். டெட்ராய்ட்டுக்கே பழைய உதாரணம் உண்டு. 1991இல் நிக்லஸ் லிட்ஸ்ட்ரம் வந்தபோது அனுபவசாலி பிராட் மெக்ரிம்மனைப் பக்கத்தில் போட்டார்கள். லிட்ஸ்ட்ரமுக்கு முதல் சீசனில் 60 புள்ளி. எந்த லீக் என்பதைவிட எந்த ஜோடி என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

செஞ்சிறகு:
இதை ஒத்துக்கொள்கிறேன். எட்வின்சன் நிரந்தரமாக வந்ததும் சைடர் பக்கத்தில் நிறுத்தினார்கள், அது எடுபட்டது. ஆனால் அந்த ஜோடியை ஒரு வருடம் முன்பே போட்டிருக்கலாமே என்றுதான் வயிறு எரிகிறது.

சரி, ஆக்ஸல் சாண்டின் பெல்லிக்கா? 2023இல் 17-ஆவது இடம். 2025 உலக ஜூனியர் போட்டியின் சிறந்த டிஃபென்ஸ்மேன். 2025-26 சீசன் தொடங்கும்போதே, 20 வயதில், டெட்ராய்ட் அணியில் இருந்தார். கிராண்ட் ராபிட்ஸில் இரண்டு வருடம் இல்லை. கொள்கை மாறிவிட்டது பாருங்கள்.

மூன்றாம்ஜோடி:
டிராஃப்டுக்குப் பிறகு இரண்டு வருடம் ஸ்வீடனின் ஷெலெஃப்டியோ அணியில் பெரியவர்களோடு ஆடினாரே, அது என்ன? ஊறப்போட்டதுதான், பாத்திரம்தான் வேறு.

செஞ்சிறகு:
சிரித்துவிட்டேன். ஆனாலும் விடமாட்டேன். அந்தப் பாத்திரத்தில் அவருக்குப் பவர் பிளே (தண்டனையால் எதிரணியில் ஆள் குறையும் நேரம்) கிடைத்தது, கடைசி நிமிடங்களில் இடம் கிடைத்தது. இங்கே மூன்றாம் ஜோடியில் போட்டு 14 நிமிடம் கொடுத்துவிட்டு ‘பையன் தடுமாறுகிறான்’ என்று கீழே அனுப்பினால் அப்போது வருகிறேன் சண்டைக்கு.

பழைய_ஸ்கேட்:
வாங்க, நானும் வருகிறேன். அதுவரை அடுத்த ஆட்டத்தில் ஒரு வேலை செய்யுங்கள். பக் எங்கே போகிறது என்று பார்க்காமல், பக் பின்னால் ஓடும்போது அவர் தலை எத்தனை தரம் திரும்புகிறது என்று எண்ணுங்கள். முதல் பீரியடிலும் மூன்றாவது பீரியடிலும் தனித்தனியாக. களைத்த பிறகும் இரண்டு தரம் திரும்பினால் மேலேயே இருக்கட்டும்.

மூன்றாம்ஜோடி:
ஒரு தரம்தான் திரும்பினால்?

பழைய_ஸ்கேட்:
ஜோடியை மாற்றிவிட்டு மறுபடி எண்ணுங்கள்.