கார் பேட்டரி இறங்கிவிட்டால்: கடைசி கிளிப்பை எங்கே மாட்டுவது?

குளிர் நாட்டுக்கு வந்து முதல் கார் வாங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வரும்போது பெரும்பாலும் பழைய கார்தான் வாங்குகிறோம். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்போம், டயரைப் பார்ப்போம். பேட்டரிக்கு என்ன வயது என்று கேட்கத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

முதல் குளிர்காலத்தில் பத்து நாள் எடுக்காமல் விட்டிருந்த காரை ஒரு காலையில் ஸ்டார்ட் செய்தேன். டாஷ்போர்டு விளக்குகள் மங்கலாக மினுங்கின. முன்பக்கம் எங்கிருந்தோ டக்டக்டக்டக் என்று வேகமாக ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்டால், ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றும் அளவுக்குப் பேட்டரியில் சார்ஜ் இல்லை என்று அநேகமாக முடிவு கட்டிவிடலாம். விளக்குகள் பளிச்சென்று எரிந்தும் வண்டி கிளம்பவில்லை என்றால் கோளாறு வேறு எங்காவது இருக்கக்கூடும்; அதற்கு மெக்கானிக்தான் வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது.

குளிரில் பேட்டரிக்கு இரண்டு பக்கமும் அடி. உள்ளே நடக்கும் ரசாயன வினை மந்தமாகி, மைனஸ் 18 டிகிரியில் நல்ல பேட்டரியே ஏறக்குறைய பாதி சக்தியைத்தான் தரும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டியாவதால், எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் சக்தி தேவைப்படும்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் காரையும் ஜம்பர் கேபிளையும் கொண்டுவந்தார். நல்ல பேட்டரியிலிருந்து இறங்கிய பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் சிவப்பு, கறுப்புக் கம்பிகள்தான் அது; ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் ஒரு கிளிப் இருக்கும். மூன்று கிளிப்புகளை மாட்டிவிட்டேன். நான்காவதை, அதாவது கடைசிக் கறுப்பு கிளிப்பை, என் பேட்டரியின் மைனஸில் மாட்டப் போனபோது அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “அங்கே வேண்டாம், எஞ்சின் இரும்பில் மாட்டுங்கள்” என்றார். காரணத்தை அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கார் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். கடைசி இணைப்பைக் கொடுக்கும்போது சின்னதாக ஒரு பொறி பறக்கும். இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால் பேட்டரி வெடித்து, உள்ளே இருக்கும் கந்தக அமிலம் முகத்தில் தெறிக்கலாம். இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து யாரும் அலட்சியப்படுத்தாதீர்கள்.

சரி, வரிசையைச் சொல்கிறேன். அதற்கு முன் பேட்டரியை நன்றாகப் பாருங்கள். விரிசல், வீக்கம், கசிவு, அழுகிய முட்டை நாற்றம், இதில் எது இருந்தாலும் கேபிளைத் தொடவே வேண்டாம். சார்ஜ் இறங்கிய பேட்டரி கடுங்குளிரில் உறைந்தும் போகும். உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே விட்டுவிட்டு உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். மோதிரம், வளையல், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு கார்களும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும், ஒன்றையொன்று தொடக்கூடாது. இரண்டின் எஞ்சினும் அணைந்திருக்கட்டும். கியர் பார்க்கில் அல்லது நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டபடி. முதலில் சிவப்பு கிளிப் இறங்கிய பேட்டரியின் பிளஸில். சிவப்பின் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸில். பிறகு கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசிக் கறுப்பு உங்கள் காரில், பேட்டரியை விட்டுத் தள்ளி, எஞ்சினில் பெயின்ட் இல்லாத கனமான உலோகப் பகுதியில். சில கார்களில் இதற்கென்றே ஓர் இடத்தைக் குறித்திருப்பார்கள். பிளஸ் எது மைனஸ் எது என்று அழுக்கில் தெரியாவிட்டால் துடைத்துப் பாருங்கள், ஊகிக்காதீர்கள். மாற்றி மாட்டினால் ஃபியூஸ் போகும், வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் போகும், சமயத்தில் காரின் கம்ப்யூட்டரே போகும்.

இப்போது நல்ல காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தில் அவசரப்பட வேண்டாம், இறங்கிய பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் வரட்டும். அப்புறம் உங்கள் காரை முயலுங்கள். சில விநாடிகளுக்கு மேல் விடாமல் சுழற்றாதீர்கள், ஸ்டார்ட்டர் சூடாகிவிடும். கிளம்பவில்லை என்றால் கிளிப்புகளை லேசாக அசைத்துப் பிடிமானம் பாருங்கள், இன்னும் சில நிமிடம் விட்டு முயலுங்கள். டெர்மினலில், அதாவது பேட்டரியின் பிளஸ், மைனஸ் முனைகளில், வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கிளிப் சரியாகப் பிடிக்காது.

கிளம்பியதும் மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள்: எஞ்சினில் மாட்டிய கறுப்புதான் முதலில். கழற்றிய கிளிப் இன்னொரு கிளிப்பில் பட்டுவிடக் கூடாது. மூடிய கராஜுக்குள் இதையெல்லாம் செய்யாதீர்கள், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

உதவிக்கு வருவது ஹைப்ரிட் அல்லது மின்சாரக் கார் என்றால், அதிலிருந்து சார்ஜ் எடுக்கலாமா என்று அதன் கையேட்டைப் பார்த்த பிறகே தொடுங்கள். பலவற்றில் கூடாது என்றே போட்டிருக்கும்.

வண்டி கிளம்பிவிட்டது என்று உடனே அணைத்துவிடாதீர்கள். குறைந்தது அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அதுவும் முழு சார்ஜுக்குப் போதாது, அன்றே பேட்டரியைச் சோதிக்கக் கொடுப்பது நல்லது. பெரும்பாலான பேட்டரிகள் மூன்றிலிருந்து ஐந்து வருடம் உழைக்கும். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள், எஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி.

கேபிள் வாங்கும்போது தடிமனான செம்புக் கம்பியாகப் பாருங்கள். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும். 6-ஐவிட 4 நல்லது. அதை டிக்கியில் போடாமல் சீட்டுக்கு அடியில் வையுங்கள். பேட்டரி இறங்கினால் பல கார்களில் டிக்கி திறக்காது. சில கார்களில் பேட்டரியே டிக்கியில்தான் இருக்கும். அவற்றில் ஜம்பர் கேபிளை மாட்டுவதற்கென்று பானெட்டுக்குள் சிவப்பு மூடி போட்ட ஒரு டெர்மினல் வைத்திருப்பார்கள். உங்கள் காரில் அது எங்கே என்று இன்றைக்கே, வெளிச்சம் இருக்கும்போதே பானெட்டைத் திறந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.