மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெட்ரோல் காரா, டீசல் காரா?

அஸ்தம்பட்டியார்:
அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், சேலம் ஜங்ஷனில் உறவினரை ஏற்றி இறக்குவதும், மாதம் ஒருமுறை ஏற்காட்டில் மாமியார் வீட்டுக்குப் போய் வருவதுமாக எங்கள் ஓட்டம் 400 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. பார்த்து வைத்திருக்கும் வண்டியில் டீசல் வகைக்கு 1,20,000 ரூபாய் கூடுதல். எதை எடுக்கலாம்?

சூரமங்கலம் வாசி:
பெட்ரோலே எடுங்கள் ஐயா. ஆண்டுக்கு 4,800 கிலோமீட்டர். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15, டீசல் வண்டி 20 கொடுப்பதாகவும், விலை முறையே 100, 92 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டில் மிச்சமாவது ஏறத்தாழ 10,000 ரூபாய்தான். கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பவே பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும்.

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை வடிகட்டிதான். 2020 ஏப்ரலில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி வந்த பிறகு, டீசல் கார்களின் புகைக்குழாய்ப் பாதையில் கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிய அது ஏறத்தாழ 600 டிகிரி வரை சூடாக வேண்டும். ஐந்து ரோட்டிலிருந்து கடைவீதிக்கு இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும் வண்டியில் அந்தச் சூடு ஏறுவதற்குள் போக வேண்டிய இடம் வந்துவிடும். என் முந்தைய டீசல் காரில் அப்படித்தான் எரிப்பு பாதியிலேயே நின்று நின்று, ஒரு நாள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஆயில் அளவுகோலை உருவிப் பார்த்தேன். மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை உயரத்தில் ஆயில் நின்றது. தொட்டால் பிசுக்கே இல்லாமல் டீசல் வாடை அடித்தது. கரியை எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சப்பட்ட டீசல், சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கியிருந்தது.

ஏற்காட்டுத் தோட்டக்காரர்:
நண்பர் சொல்வது சமவெளிக்குச் சரி; அஸ்தம்பட்டியாரோ மலை ஏறுகிறவர். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதேனும் ஒன்றில், ஐந்து பேரோடு, இறங்கி வரும் பேருந்துக்கு வழிவிட்டு நின்று மறுபடி வண்டியை எடுத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குள்ளேயே இழுவை கொடுக்கும் டீசல் எஞ்சினின் அருமை அப்போது தெரியும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவதால், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் கருவி) இல்லாத பெட்ரோல் எஞ்சின் தன் திறனில் ஏழில் ஒரு பங்கு வரை இழந்துவிடுகிறது. கரி எரிவதற்கான சூடும் அந்த ஏற்றத்திலேயே கிடைக்கிறது. வாரம் இருமுறை ஏறி இறங்கும் என் வண்டியில் அந்த விளக்கு ஒருநாளும் எரிந்ததில்லை.

சூரமங்கலம் வாசி:
வாரம் இருமுறை ஏறுவது வேறு, மாதம் ஒருமுறை ஏறுவது வேறு ஐயா. மழையில் ஒரு மாதப் பயணம் தவறினால், கரியை எரிப்பதற்காகவே தருமபுரி நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவர வேண்டியிருக்கும். நோயாளித் தந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு அதற்கு நேரம் ஏது? இழுவையைப் பற்றிய தங்கள் வாதத்தை ஏற்கிறேன். அதற்கு விடை டர்போ பெட்ரோல். மைலேஜ் சற்றுக் குறைந்தாலும், இவ்வளவு சிறிய ஓட்டத்தில் அது பெரிதாகக் கடிக்காது.

ஏற்காட்டுத் தோட்டக்காரர்:
டர்போ என்றால் என் மறுப்பில் பாதி போய்விடுகிறது. ஆனால் சமவெளியில் மட்டும் ஓட்டிப் பார்த்து முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

அஸ்தம்பட்டியார்:
இருவருக்கும் நன்றி. டர்போ பெட்ரோலை மலையில் ஓட்டிப் பார்க்கத் தரும்படி விற்பனையகத்தில் கேட்டிருக்கிறேன். வீட்டார் அனைவரையும் ஏற்றிக்கொண்டு, ஒரு வளைவில் நிறுத்தி எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.