சாரத்துணியைச் சட்டத்தில் இழுத்தால் கட்டங்கள் வளைகின்றன: தையல் இல்லாமல் என்ன வழி?

மல்லாவிப் பிள்ளை:
வணக்கம். வீட்டு முன்னறைச் சுவர் வெறுமையாகக் கிடக்கிறது. அப்பாவின் பழைய சாரங்களில் (லுங்கிகளில்) நிறம் மங்காத பகுதிகளை வெட்டி, இரண்டடிச் சதுர மரச்சட்டத்தில் இழுத்து மாட்டத் தொடங்கினேன். வீட்டில் தையல் இயந்திரம் இல்லை. ஊசி பிடிக்க எனக்குப் பொறுமையும் இல்லை. நீலக் கட்டங்கள் நடுவில் நேராக நிற்கின்றன, மூலைக்குப் போகப் போக வளைந்துவிடுகின்றன. இன்னொரு துண்டை வெள்ளைப் பசை பூசி ஹாட்போட் பலகையில் ஒட்டினேன். காய்ந்த பிறகு பசை ஊறிய இடமெல்லாம் எண்ணெய் பட்டதுபோல் கறுத்துத் தெரிகிறது. மிச்சத் துணி அதிகம் இல்லை.

புதுக்குடியிருப்பு அக்கா:
தங்கச்சி, மூலையில்தான் முதல் ஆணி அடித்திருப்பீர்கள். நெய்த துணி பாவு (நெடுக்கு நூல்), ஊடை (குறுக்கு நூல்) வழியே அதிகம் இழுபடாது. இரண்டுக்கும் சாய்வாக இழுத்தால் தாராளமாக விட்டுக்கொடுக்கும். மூலையைப் பிடித்து இழுப்பது சாய்வாக இழுப்பதுதான், அதனால்தான் கட்டம் கோணுகிறது.

ஆணிகளைக் கழற்றிவிட்டுத் துணியை நனைத்து, அரை ஈரத்தில் அயன் பண்ணுங்கள். மேசையில் குப்புற விரித்து, அதன்மேல் சட்டத்தை வையுங்கள். சுற்றிவர மூன்று அங்குலத் துணி மிஞ்ச வேண்டும். மேல்பக்க நடுவில் ஓர் ஆணி, நேரெதிரே கீழ்ப்பக்க நடுவில் ஒன்று, பிறகு இடது நடு, வலது நடு. அங்கிருந்து மூலையை நோக்கி, இந்தப் பக்கம் ஒன்று அடித்தால் எதிர்ப்பக்கம் ஒன்று என்று நகருங்கள். ஒவ்வொரு தடவையும் முன்பக்கம் திருப்பி, ஒரே நீலக்கோடு சட்டத்தின் விளிம்போடு ஓடுகிறதா என்று பாருங்கள். முரசு போல இறுக்கத் தேவையில்லை, சுருக்கம் போனால் போதும். மூலைகள் கடைசியில்: கடிதஉறை மடிப்பதுபோல் மடித்துப் பின்னால் அடியுங்கள்.

பழைய சாரம் நல்ல தெரிவு. சுருங்க வேண்டியதும் சாயம் போக வேண்டியதும் எப்போதோ முடிந்துவிட்டது.

ஒட்டுசுட்டான் தச்சன்:
என்ன மரம்? பாலை, முதிரை போன்ற வன்மரம் என்றால் சிறிய ஆணி வளைந்துவிடும், நீங்களும் வைராக்கியத்தில் துணியைக் கிழிப்பீர்கள். சாமான் வந்த பெட்டிகளின் மெல்லிய பலகை போதும். பச்சை மரம் வேண்டாம், காயும்போது முறுகும்.

கிளிநொச்சியான்:
ஆணியே வேண்டாம். மரவள்ளி மாவில் கூழ் காய்ச்சி, துணியை நனைத்துச் சுவரிலேயே ஒட்டிவிடலாம். அலுத்தால் ஈரப்படுத்தி உரித்துவிடலாம்.

புதுக்குடியிருப்பு அக்கா:
நல்ல யோசனைதான், ஆனால் நம் பகுதியில் மாரி வந்தால் பூசாத கல்சுவர் எப்படிக் கசியும் என்று தெரியாதா தம்பி? கூழைத் தேடிக் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் வரும். வெயில் படும் உலர்ந்த உட்சுவர் என்றால் செய்யலாம், வெளிச்சுவருக்குச் சரிவராது.

மல்லாவிப் பிள்ளை:
நன்றி அக்கா, நடுவிலிருந்து அடித்ததும் கோடுகள் நேராகிவிட்டன. ஆனால் அந்தக் கறுத்த துண்டு? அதைக் காப்பாற்ற முடியுமா?

கிளிநொச்சியான்:
ஹாட்போட்டோடு வெந்நீரில் ஊறவிடுங்கள். சாதாரண வெள்ளைப் பசை இளகி வரும், பலகை உப்பிப் பாழாகும். நீர் புகாத பசை என்றால் ஆசையை விட்டுவிடுங்கள். அடுத்த முறை ஒட்டத்தான் வேண்டும் என்றால் பசையைப் பின்பக்க விளிம்பில் மட்டும் பூசுங்கள், முகப்பின் அடியில் ஒரு துளியும் கூடாது.

ஒட்டுசுட்டான் தச்சன்:
மாட்டும்போது சட்டத்தின் கீழ்மூலைகள் இரண்டிலும் பின்னால் ஒரு போத்தல் மூடி ஒட்டிவிடுங்கள். சுவரில் படியாமல் காற்று ஓடும். கறையான் மண்கூடு கட்டினாலும் எட்டிப் பார்த்தால் தெரியும். மாதம் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள்.

மல்லாவிப் பிள்ளை:
கண்ணாடி போடலாமா அண்ணை?

ஒட்டுசுட்டான் தச்சன்:
வேண்டாம். கண்ணாடி துணியோடு ஒட்டி நின்றால் ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். தூசு தட்டத் தூரிகை போதும்.