புதுப்பிப்பு: முக்காலியில் கேமரா சுழன்ற சிக்கலின் காரணம் தெரிந்தது

கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் லென்ஸின் எடையால் அது மெல்லக் கீழ்நோக்கிச் சுழல்கிறது என்றும், கேமராவின் அடியில் திருகால் பொருத்தி முக்காலியில் மாட்டும் தகடான குயிக் ரிலீஸ் பிளேட்டையே மாற்ற வேண்டுமா என்றும் சென்ற மாதம் இந்த இழையில் கேட்டிருந்தேன். பிளேட்டில் குறையில்லை, தவறு திருகில்தான் இருந்தது.

தொலைந்த திருகுக்குப் பதிலாக ஹார்டுவேர் கடையில் நான் வாங்கிப் போட்டது எம்6 வகை. அதன் விட்டம் 6 மி.மீ., மரைகளின் இடைவெளி 1 மி.மீ. கேமராவின் அடித்துளையோ 1/4 அங்குலம், அதாவது 6.35 மி.மீ.; அங்குலத்துக்கு 20 மரைகள் என்பதால் இடைவெளி 1.27 மி.மீ. ஆகிறது. விட்டம் சற்றே குறைவாக இருப்பதால் எம்6 தடையின்றி உள்ளே நுழைந்துவிடுகிறது, ஆனால் ஓரிரு மரைகளில் மட்டுமே பற்றுவதால் இறுகியதுபோல் தோற்றம் காட்டிவிட்டு, எடை ஏறியதும் நெகிழ்கிறது. மேலும் முறுக்கியிருந்தால் துளையின் மரையே சிதைந்திருக்கும் என்பதை நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

சரியான திருகைப் போட்டபின் சிறிய லென்ஸ்கள் அசைவதில்லை. தொலைவில் உள்ளதைப் படமெடுக்கும் கனமான டெலி லென்ஸ் மட்டும் இன்னும் சிறிது திரும்பியது. ஒற்றைத் திருகு உராய்வால் மட்டுமே பிடிக்கிறது என்பதால் இது இயல்பே. கேமராவின் அடியில் அல்லாமல், லென்ஸைச் சுற்றிப் பிடிக்கும் வளையத்தின் பாதத்தில் பிளேட்டைப் பொருத்தியதும் அதுவும் நின்றது.

முக்காலித் தலைக்கும் கால்களுக்கும் இடையில் பெரும்பாலும் இருப்பது 3/8 அங்குலத் திருகு. அதைக் கேமராவுக்குப் பயன்படுத்த முயலாதீர்கள்.