மறுமொழி: கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் வலி – ‘நரம்புவேர்ப் பாதிப்பு’ எனலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

செர்விகல் ராடிகுலோபதிக்கு, அதாவது கழுத்தில் நரம்பின் வேர் பாதிக்கப்பட்டு கையில் தொந்தரவு தரும் நிலைக்கு, தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். பிசியோதெரபி பிரிவில் இந்த வலியோடு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவன் என்பதால் என் கருத்தையும் வைக்கிறேன்.

> ‘கழுத்து எலும்புத் தேய்மானம்’ ஏற்கெனவே மக்கள் வாயில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

இது வேண்டாம். தேய்மானம் என்பது ஸ்பாண்டிலோசிஸுக்கு வழங்கும் சொல். ஐம்பதைத் தாண்டிய பெரும்பாலோரின் கழுத்து எக்ஸ்ரேயில் ஏதாவது தேய்மானம் தெரியத்தான் செய்யும். அவர்களில் பலருக்குக் கையில் ஒரு தொந்தரவும் இருக்காது. முப்பத்தைந்து வயதுக்காரருக்கோ எலும்பு நன்றாக இருந்தும் எலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கி, தோளிலிருந்து விரல் வரை சுண்டி இழுக்கும். எலும்பில் நடப்பதும் நரம்பில் நடப்பதும் வேறு வேறு. அதோடு, ‘தேய்மானம்’ என்று காதில் விழுந்த நாளிலிருந்து கழுத்தை அசைக்கவே பயந்து, மாதக்கணக்கில் கழுத்துக் காலரைக் கழற்றாமல் இருந்து, தசையெல்லாம் பலம் இழந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

‘நரம்பு மூலம்’ என்ற பரிந்துரை வேர்ப்பொருளில் சரிதான். ஆனால் மருத்துவமனையில் ‘மூலம்’ என்றால் எல்லோருக்கும் தெரிந்தது வேறு நோய். எனவே அதையும் விட்டுவிடலாம்.

‘நரம்புவேர்’ என்பதைத்தான் நான் ஆதரிக்கிறேன். ராடிகுலா என்ற இலத்தீன் சொல்லுக்கும் சிறு வேர் என்றே பொருள். அதைவிட முக்கியம், உடலமைப்பு இந்தச் சொல்லுக்குப் பொருந்துகிறது. தண்டுவடத்தின் முன்பக்கம் ஒரு வேர், பின்பக்கம் ஒரு வேர் கிளம்புகின்றன. பின்வேர் உணர்ச்சியை உள்ளே கொண்டுவருகிறது. முன்வேர் தசைக்கான ஆணையை வெளியே கொண்டுபோகிறது. இரண்டும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள நரம்புத் துளையை ஒட்டி ஒன்றுசேர்கின்றன. அங்கே ஜவ்வு பிதுங்கினாலும் எலும்பு முள் வளர்ந்தாலும் இடம் குறுகும். ஒரே ஆளுக்கு மதமதப்பும் கைப்பலக் குறைவும் சேர்ந்து வருவது இதனால்தான்.

வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, “எந்த விரல் வரைக்கும் போகுது?” என்றுதான். ஒருவர் மறு கையால் தோள்பட்டையில் தொடங்கி, முன்கையின் வெளிப்பக்கமாகக் கோடு இழுத்துக் கட்டைவிரலில் நிறுத்துவார்: ஆறாம் வேர். இன்னொருவர் நடுவிரலைக் காட்டுவார், முழங்கையை நீட்டித் தள்ளச் சொன்னால் பலம் குறைந்திருக்கும்: ஏழாம் வேர். அதிகம் பாதிக்கப்படுவது இதுதான். சுண்டுவிரல் என்றால் எட்டாம் வேரை நினைப்போம். சிலர் கையைத் தூக்கித் தலைமேல் வைத்தபடியே உள்ளே வருவார்கள். அப்படி வைத்தால் வேரின் இழுவிசை தளர்ந்து வலி குறைவதை அவர்களாகவே கண்டுபிடித்திருப்பார்கள்.

ஆகவே நம் சொல் வேரின் எண்ணையும் ஏற்கவேண்டும். கழுத்தில் முள்ளெலும்பு 7, நரம்புவேர் இணை 8. முதல் ஏழும் அதே எண்ணுள்ள எலும்புக்கு மேலே வெளிவரும்; எட்டாவது, ஏழாம் எலும்புக்குக் கீழே. ஸ்கேன் அறிக்கையில் ‘சி6-சி7 ஜவ்வு’ (ஆறாம், ஏழாம் கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ளது) என்றிருந்தால் பெரும்பாலும் அடிபடுவது ஏழாம் வேர். ‘ஏழாம் கழுத்து நரம்புவேர்ப் பாதிப்பு’ என்று எழுதினால் குழப்பமே இல்லை. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலியைச் சயாட்டிகா என்கிறோமே, அதன் பெரும்பாலான வகைகளையும் ‘இடுப்பு நரம்புவேர்’ என்று இதே வரிசையில் அடக்கிவிடலாம்.

அடுத்து, சொல்லின் கடைசிப் பகுதி. இழையில் சிலர் ‘அழுத்தம்’ என்று முடிக்கச் சொன்னார்கள். அழுத்தம் ஒரு காரணம் மட்டுமே; ஜவ்விலிருந்து கசியும் பொருள்களால் வேர் அழற்சியுற்றும் வலிக்கும். ‘நோய்’ என்று முடித்தால் காலத்துக்கும் கூடவே வரும் ஒன்று போல ஒலிக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ராசெஸ்டர் நகர மக்களை ஆராய்ந்து 1994-இல் வெளிவந்த கட்டுரையில், இறுதியாகப் பார்த்தபோது 90 விழுக்காட்டினர் தொந்தரவு இல்லாமலோ லேசான தொந்தரவோடோ இருந்தார்கள். அறுவை சிகிச்சை நடந்தது ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குத்தான். அதனால் ‘பாதிப்பு’ போதும்.

வலி மட்டும் இருந்து, உணர்ச்சியும் பலமும் சரியாக இருந்தால் ‘நரம்புவேர் வலி’. மதமதப்போ பலக்குறைவோ அனிச்சைச் செயல் மங்குவதோ இருந்தால் ‘நரம்புவேர்ப் பாதிப்பு’. தண்டுவடமே நசுங்கினால் ‘தண்டுவடப் பாதிப்பு’. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது எல்லாம் அந்தக் கடைசி வகை. உடனே மருத்துவரைப் பார்க்கவேண்டியவை. இந்த மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கக் கூடாது.

‘கைக்குப் பரவும் வலி’ என்ற பொதுச்சொல்லையும் கலைச்சொல்லாக ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. மாரடைப்பின் வலியும் இடக்கைக்கும் கழுத்துக்கும் பரவும். அங்கே நரம்புவேருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதயத்தின் வலியை மூளை கையின் வலியாக உணர்கிறது. நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறலோடு கை வலித்தால் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டு நேரத்தைக் கடத்தாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடவேண்டும். இந்த வகைக்கு நான் யோசித்தது ‘பிறிதிட வலி’. கொஞ்சம் புத்தக வாடை அடிக்கிறது. நோயாளியிடம் சொன்னால் சட்டென்று புரியக்கூடிய சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். யாழ்ப்பாணத்து நண்பர்கள் மதமதப்பை ‘விறைப்பு’ என்பார்கள். தமிழ்நாட்டில் அது தசை இறுக்கத்தையும் குறிக்கும் என்பதால், நம் சொற்பட்டியலில் இரண்டு வழக்கையும் சேர்த்தே குறித்துவிடலாம்.

அன்புடன்.